மலையிலிருந்து தெரியும் வீடு

பினாங்கு மலை உச்சியில், கம்பித் தடுப்பு ஓரமாக நிற்கிறோம். கீழே நகரமும் கடலும் நீளப் பாலமும் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. சிதம்பரத்திலிருந்து கோயில் சுற்றுலாக் குழுவோடு வந்திருக்கும் எனக்கு இந்த ஊரில் இன்று ஒரு பகல்தான். என் தம்பி சேகர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவன். அவன் மனைவியையும் பிள்ளைகளையும் நான் பார்த்ததே இல்லை. அவளுக்கென்று நான் கடலூரில் எடுத்த புடவையை அடிவாரத்திலேயே என்னிடமிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து நீயே கொடு என்று சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

தொலைநோக்கியில் காசு போட்டு என்னைப் பார்க்கச் சொல்கிறான்.

"அந்தப் பச்சைக் கட்டடம் தெரியுதாக்கா? அதுல எட்டாவது மாடி. நம்ம வூடுதான்."

பக்கத்தில் குளிர்பானம் விற்கும் தமிழ் அம்மாள் சிரிக்கிறாள். "ஏன் தம்பி, சொந்த அக்காவுக்கு வீட்டக் குழாய்லயா காட்டுறது? கீழ எறங்குனா கிட்டதான. கூட்டிட்டுப் போயி ஒரு வாய் சோறு போடேன்."

அவன் காதில் விழாததுபோல் கடலைப் பார்க்கிறான். பிறகு என் பக்கம் குனிகிறான்.

"அவ அம்மா அப்பால்லாம் வந்திருக்காங்கக்கா. வூட்டுல கூட்டம் ஜாஸ்தி. நீ இப்பவே நல்லா பாத்துக்க. ஊர்ல கேட்டா, தம்பி வூட்டப் பாத்துட்டேன்னு சொல்லு."

மறுபடி கண்ணை வைக்கிறேன். பச்சையாக நாலைந்து கட்டடங்கள் தெரிகின்றன.

"நல்ல வூடுடா," என்கிறேன்.