கிளியர் அடித்த சோளம்

என் பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஜுருவில் மகன் வீட்டில் இருக்கிறார். பார்த்தால் தோத்திரம் சொல்கிறேன். மன்னிக்கவில்லை.

எல்லாம் சோளத்தால் வந்தது.

நாங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நாலாவது மாடி. பின்னால் பெரிய சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு மண். அதில் அம்மா சோளம் போட்டிருந்தாள். பாசாரில் கிடைக்கிற மஞ்சள் சோளம் இல்லை. கல்யாணமாகி எஸ்டேட்டிலிருந்து வரும்போது கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதை. நகை கொண்டுவரவில்லை. இதைத்தான் கொண்டுவந்தாள்.

மட்டையை உரிக்கும்வரை உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. கறுப்பு இருக்கும். காய்ந்த மிளகாய்ச் சிவப்பு இருக்கும். கத்தரிக்காய் நிறமும் பால் வெள்ளையும் ஒரே கதிரில் கலந்து வரும். வெயிலில் பிடித்தால் கண்ணாடி மணி மாதிரி. அம்மா அழகு பார்க்கிறவள் இல்லை. கறுப்பை அரைத்துப் புட்டு அவிப்பாள். சிவப்பை வறுத்துப் பொரிப்பாள். கலப்புக் கதிரை இளசிலேயே அவித்துக் காலையில் பாசாரில் விற்பாள். கதிர் நுனி முடியைக் காயவைத்து, அப்பாவுக்கு நீர்க்கடுப்பு வந்தால் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். மட்டையில் சட்டி தேய்ப்போம். எதுவும் வீணாகாது.

விதைக்கென்று பன்னிரண்டு கதிர் ஒதுக்குவாள். அதன் மட்டையைப் பிய்க்காமல் பின்னால் மடித்து, சடை பின்னி, அடுப்படிக் கம்பியில் தொங்கவிடுவாள். சடை போட்ட கதிரைத் தொட்டால் கை முறியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பெரியப்பா காருக்குச் சாயம் அடிக்கிற பட்டறை வைத்திருந்தார். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. வேறு எங்கும் அப்பாவை வைத்துக்கொள்ளவில்லை, அவர்தான் வைத்துக்கொண்டார். மாதா கோயிலில் பொங்கல் பூசைக்குப் பீடம் அலங்கரிக்கிற பொறுப்பும் அவருடையது. பூசைக்கு நாலு நாள் முன்பு வந்தார். அம்மா பாசாரில். எனக்கு வயது ஒன்பது.

"பாப்பா, அந்தச் சோளத்த எறக்கு. பீடத்துக்கு முன்னால தொங்கவுட்டா அழகா இருக்கும்லா."

"அத தொடக்கூடாது பெரியப்பா. அம்மா அடிக்கும்."

"சாமிக்குத்தானே லா. எண்ணி எடுக்கிறேன், எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். பெரியப்பா எப்பவாவது ஏமாத்தியிருக்கேனா?"

ஏமாற்றியதில்லை. நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஏறி எடுத்தார்.

அம்மா வந்து வெறும் கம்பியைப் பார்த்தாள். அந்த வருடம் மற்றதெல்லாம் விற்றாயிற்று, அரைத்தாயிற்று. மிச்சம் அந்தப் பன்னிரண்டுதான். பெரியப்பாவிடம் போய் வாங்கி வரும்படி அப்பாவிடம் சொன்னாள். "சாமிக்குத்தானே, ஞாயித்துக்கெழம வந்துரும்" என்றார் அப்பா. அண்ணனிடம் எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் சோளம் மின்னியது. மெழுகுவத்தி வெளிச்சம் ஒவ்வொரு மணியிலும் தெரிந்தது. ஃபாதர் பிரசங்கத்தில் அதைக் காட்டிப் பேசினார். எங்கள் சோளம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூசை முடிந்ததும் பெரியப்பா பன்னிரண்டையும் எண்ணி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா ஒரு கதிரை நகத்தால் கீறினாள். நகம் வழுக்கியது. மோந்து பார்த்தாள்.

"என்ன அத்தான் இது?"

"கிளியர் அடிச்சேன். மூணு கோட். பென்ஸ் காருக்குச் சாயத்துக்கு மேல பளபளப்புக்கு அடிக்கிற சரக்கு. இனி பூச்சியே புடிக்காது."

"இது வெத அத்தான்."

"வெத உள்ளுக்குத்தானே இருக்கு? நான் வெளியதானே அடிச்சேன். சாயம் அடிச்சா காரு ஓடாமலா போவுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அப்பா பட்டறையிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்தார். அம்மா மணிகளை உதிர்த்து ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். விரல் தோல் போனது. சிவப்பும் கறுப்பும் தூளாகித் தரையில் விழுந்தது. பாதி மணி உடைந்தது. மிச்சத்தை ஊறவைத்து அந்தத் துண்டு மண்ணில் போட்டாள். காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினாள். பத்து நாள். பதினைந்து நாள். நான் தோண்டிப் பார்த்தேன். அழுகி நாறியது. ஒன்றுகூட முளைக்கவில்லை.

பெரியப்பாவுக்கு விஷயம் போனது. மனசு கேட்காமல் கெப்பாலா பத்தாஸ் வரை வேன் ஓட்டிப் போய், கடையில் விதை வாங்கி வந்தார். பாக்கெட்டில் மஞ்சள் சோளம் படம்.

"இது நல்லா இனிக்கும்மா. அந்தப் பழசு எதுக்கு? மாட்டுக்குப் போடுற மாதிரி இருக்கும்."

அம்மா பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் அத்தான். உக்காருங்க, கோப்பி கலக்குறேன்" என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. அம்மா கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கினேன். வராண்டாவுக்கு ஓடி, நாலாவது மாடியிலிருந்து சாக்கடையில் எறிந்தேன். "ஒங்க சோளம் எங்களுக்கு வேணாம்! நீங்கதான் கொன்னீங்க!" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஹேங்கரை எடுத்தாள்.

அதுவரை அவள் என்னை அப்படி அடித்ததில்லை. பெரியப்பாதான் எழுந்து தடுத்தார். "வுடும்மா, சின்னப் புள்ள. எனக்குக் கோவமில்ல." அவருக்குக் கோபமில்லையாம். அம்மா நிறுத்தவில்லை. அடிக்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி அடி சுவரில் பட்டது, நாற்காலியில் பட்டது.

அம்மாவுக்குச் சரியாக அடிக்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.