டேப் எங்கே நிற்கிறது

நானெல்லாம் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நழுவிவிடுவேன். ஆனாலும் கம்ப்யூட்டர் பதிவுகளைப் பத்திரப்படுத்தும் பேக்கப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை.

பழனிசெட்டிபட்டியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறை என் பொறுப்பு. பழைய கேஸ் ஷீட்டுகளைக் கரையான் தின்ற பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாது. அதனால் வருடம் முடிந்ததும் அந்த வருடத்துப் பிரசவங்களை ஒரே ஃபைலாக, கேசட் மாதிரி ஓடும் டேப்பில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம். 95 முதல் ஃபைல், 96 இரண்டாவது என்று வரிசையாக இருக்கும். பிரசவ நம்பர் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கும். பேச்சியம்மாள், ஒச்சம்மாள் என்ற பெயர்கள் ஆங்கிலத்தில் கோணலாக வருகின்றன என்று பெயரை நாங்கள் ஏற்றவே இல்லை. நம்பரை வைத்து பிரிண்ட் எடுத்து, மேலே பெயரைக் கையால் எழுதுவோம். வருடம் ஃபைலின் தலைப்பில் மட்டும் இருக்கும், தாளில் வராது.

2001-ல் ஒரு நாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து செல்லத்தாய் வந்தாள். மூன்று வயது மகனுக்கு வலிப்பு. பிறந்தபோது எடை என்ன, மூச்சுத் திணறியதா என்று எழுதி வாங்கி வரும்படி மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்துத்தான் வைத்தியமாம். பையன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கொண்டுவந்த ஆஸ்பத்திரி அட்டையில் 98, நம்பர் 214.

98 என்றால் நாலாவது ஃபைல். மூன்றைத் தாண்டச் சொன்னேன். டேப் கரகரத்தது, திரையில் ஓர் எரர் வந்தது. புரோகிராம் தானாகவே மறுபடி முயன்று, 'ஃபைல் 4' என்று காட்டியது. எரர் போய்விட்டதே என்று பிரிண்ட் எடுத்து, பெயர் எழுதி, எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

"ஒண்ணே முக்கால் கிலோ. மூச்சுத்திணறல். ஆறு நாள் இன்குபேட்டர்" என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"இது எம்புள்ள இல்லம்மா" என்றாள் செல்லத்தாய்.

"உன் அட்டையில உள்ள நம்பர்தான்மா. மூணு வருஷமாச்சுல்ல, மறந்திருப்ப."

"பெத்தவளுக்கு மறக்குமாம்மா? மூணே கால் கிலோ. தராசுல வச்சுட்டு நர்சம்மா, 'ஏ ஆத்தா, வயித்துல பூசணிக்காயா வச்சிருந்த'ன்னு கேட்டாக. இவன் போட்ட சத்தத்துல பக்கத்துக் கட்டில்காரி எந்திரிச்சு ஒக்காந்துட்டா. இவனுக்கா மூச்சு முட்டுச்சு?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "மல்லிகா, நாலாவதுன்னுதான காட்டுச்சு?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். பொய்யும் இல்லை.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள் செல்லத்தாய்.

"நடுவுல ஒரு எரர் வந்துச்சும்மா. டேப் எங்கன நிக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றேன் டாக்டரம்மாவிடம்.

அவர் திட்டவில்லை. பேனாவை மூடினார். "தெரியாதுன்னா மொதல்லருந்து எண்ணு. போ."

டேப்பை ஆரம்பத்துக்கு ரீவைண்ட் செய்தேன். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து வருடத்தைப் பார்த்துப் பார்த்து வந்தேன். 95, 96, 97, 98. நம்பர் 214: மூன்று கிலோ இருநூற்றைம்பது கிராம். பிறந்ததும் அழுதது.

செல்லத்தாய் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். "பூசணிக்காய்னு போட்டிருக்காகளாக்கா?"

"அதப் போடலம்மா."

சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

புரோகிராம் எழுதிய சேகர் சார் போனில் விளக்கினார். எரர் வருவதற்குள் டேப் ஒரு ஃபைலைத் தாண்டியிருக்கிறது. புரோகிராம் அதைக் கணக்கில் எடுக்காமல், அங்கிருந்து மறுபடி மூன்றைத் தாண்டியிருக்கிறது. நான் கொடுத்தது 99-ல் பிறந்த வேறு யாரோ ஒரு குழந்தையின் தாள்.

எரர் வந்த பிறகு புரோகிராம் தன் எண்ணிக்கையை நம்பக் கூடாது. 'இடம் தெரியவில்லை' என்று காட்டிவிட்டு, ரீவைண்ட் தவிர வேறு எதைச் சொன்னாலும் மறுக்க வேண்டும். டேப்பிலிருந்து படிக்கப் போய் இப்படி. அதே இடத்தில் டேப்பில் புதிதாக எழுதியிருந்தால் ஒரு வருடத்துக் குழந்தைகள் அழிந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் அதே விதிதான். தெரியாது என்று சொல்ல எனக்கு அன்றுதான் வாய்த்தது.

மறுநாள் செல்லத்தாய் சரியான தாளோடு முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனாள். சேகர் சார் வந்து புரோகிராமைத் திருத்தினார். மதியத்துக்கு மேல் கரண்ட் இல்லை, வேலையும் இல்லை.