மீஞ்சூர் வீட்டில் ஒரே ஒரு கேசட்

பக்கத்து வீட்டுப் பவித்ரா வீட்டிலேயே பாட்டு பதிவு செய்கிறாளாம். எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கவிடப் பழைய கோணி இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். பரணிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடவே நெல் தூசி வாசனை. அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குத் தும்மல் வரும், எனக்குக் காஞ்சனா வருவாள்.

என் மனைவி. எழுபதுகளில் தண்டவாளத்தை ஒட்டி எங்களுக்கு ஒற்றை அறை வீடு. எனக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பட்டறை வேலை. ரயிலில் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். அவளோ துணி துவைத்துக்கொண்டே சொந்தமாக ஒரு பாட்டு கட்டியிருந்தாள். அதைத் தன் குரலிலேயே ஒரு தடவை வெளியிலிருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நகை கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய டேப்ரெக்கார்டர் கிடைத்தது. மூடி கிடையாது, கேசட்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கூடக் கிடைத்த கேசட் ஒன்றே ஒன்று. மைக்கை ஒட்டடைக் கம்பில் கட்டி, மாமனார் வீட்டு நெல் கோணிகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டேன். பெரிய ஸ்டுடியோ முதலாளி என்று நினைப்பு. ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தினால், ஞாயிறு மத்தியானம் அந்த அறையில் இட்லி அவிக்கலாம்.

ஒவ்வொரு தடவையும் பாட்டின் நடுவே ரயில் வந்துவிடும். எனக்கென்னவோ அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒப்பவில்லை.

"ரயிலும் சேந்துக்கினு பாடுதுங்க. இத்த அழிச்சிடுங்க, சுத்தமா ஒரு வாட்டி பாடிட்றேன்."

பழையதன் மேலேயே பதியலாம் என்றால் கேட்கமாட்டாள். கழுவாத பானையில் யாராவது உலை வைப்பார்களா என்பாள். மைக்கைப் பிடுங்கிவிட்டு, ரெக்கார்டு பட்டனை அழுத்திக் கேசட் முழுவதையும் வெறுமனே ஓடவிட்டு அழித்த பிறகுதான் அடுத்த பாட்டு. அது ஓடி முடிவதற்குள் நான் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவேன்.

அப்படி அழித்துவிட்டு உட்கார்ந்த ஒரு ஞாயிறு, நான் பட்டனை அழுத்தி அவள் பாட வாயைத் திறக்குமுன் கரி எஞ்சின் கூட்ஸ் வண்டி. அது போய் முடிவதற்குள் மெஷினின் பெல்ட் அறுந்தது. மாற்றலாம் மாற்றலாம் என்றே இருந்தோம். ஷிப்டு வந்தது, குழந்தைகள் வந்தார்கள், அலுப்பு வந்தது. போன வருஷம் அவள் போய்விட்டாள்.

பரணிலிருந்து இழுத்த கோணிக்குள் அந்தக் கேசட்டும் இருந்தது. பவித்ரா எங்கோ கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தாள். கூட்ஸ் வண்டி தடதடவென்று போகிறது. அதற்குள்ளிருந்து என் காஞ்சனா.

"இருங்க, ரயிலு போவட்டும்."

அவ்வளவுதான்.

"ரயில் சத்தத்த எடுத்துட்டு, ஆயா கொரல மட்டும் தரட்டுமா தாத்தா?" என்றாள் பவித்ரா.

அந்தக் கரி எஞ்சின் இல்லை, மூர் மார்க்கெட் இல்லை, நாங்கள் இருந்த வீடும் இல்லை. எத்தனை முறை கேட்ட பாட்டு, முதல் வரிகூட எனக்கு நினைவில்லை. வேண்டாம்மா, ரயில் இருக்கட்டும் என்றேன். அது போய்விட்டால் அவள் பாட ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு கேசட்டில் ஒன்றுமே இல்லை.