இறக்கத்தில் விழுந்த முள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். அறைக்குச் சொந்தக்காரர் ஹயரிங் கார் எனும் வாடகைக் கார் ஓட்டும் ஒரு முஸ்லிம் மனிதர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் டவுனுக்கு முதல் ஆட்களை ஏற்றிப் போகும்போது முன் ஆசனத்தில் எனக்கும் இடம் தருவார். வழிநெடுக நான் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டபடியே இருப்பேன். அது கொஞ்சம் மாறினாலும் ஆசனத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். “மாஸ்டர் ஏறினாத்தான் எங்கட கார் இருமுது” என்று பின்னால் இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பயப்படக் காரணம் இருந்தது. அது நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துரை ஒருவர் ஓட்டிக் கழித்த, துணிக் கூரை போட்ட அமெரிக்கக் கார். நானா வாங்கிய பிறகு அதன் பெயரிங்குகள் இரண்டு முறை உருகிவிட்டன. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்குவது பெயரிங்கின் மெல்லிய வெள்ளை உலோகப் பூச்சு. அதற்கும் தண்டுக்கும் இடையில் எண்ணெய் இல்லாவிட்டால் பூச்சு மெழுகுபோல ஓடிவிடும். இரண்டு முறையும் நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள தோட்டமொன்றுக்குப் போய்த் திரும்பும்போது, இறக்கம் முடிகிற சின்னப் பாலத்தடியில், டக் டக் என்று இடிக்கத் தொடங்கி நின்றது. ஒரு முறை லொறி இழுத்து வந்தது. மறு முறை இரண்டு எருதுகள்.

தண்டை இரண்டு தரம் கடைந்து சரிப்படுத்திய பட்டறைக்காரர், இனிக் கடைவதற்கு அதில் இரும்பு இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாம் தரம் உருகினால் கார் பழைய இரும்புக்குத்தான். அப்படி நடந்தால் நானாவுக்கு ஒரே வழி, டவுனில் புடவைக் கடை வைத்திருந்த அவருடைய அண்ணரிடம் போவது. நான்கு வருஷத்துக்கு முன் அந்தக் கடையில் எல்லார் முன்னாலும் வாக்குவாதப்பட்டு, துணி அளக்கும் யார்க்கோலை எறிந்துவிட்டு வந்தவர் நானா. அண்ணர் அந்த யார்க்கோலைத் தம்பிக்கென்று எடுத்து வைத்திருப்பதாக யாரோ வந்து சொல்லியும் இருந்தார்கள்.

உருகியதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், கார் ஸ்டாண்டில் நின்ற ஒன்பது சாரதிகளும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: ஏற்றம். நானாவும் அதைத்தான் நம்பினார். அதனால் மலை உச்சிக்குப் போனதும், ஏறிக் களைத்த மாட்டை அவிழ்த்துவிடுவதுபோல சுவிட்சை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, காரை இறக்கத்தில் சும்மா உருள விடுவார். கண்டிப் பக்கத்துச் சாரதிகள் எல்லாரும் அப்படித்தான். மற்றவர்கள் பெற்றோலை மிச்சம் பிடிக்கச் செய்தார்கள். நானா எஞ்சினில் இரக்கப்பட்டுச் செய்தார். அடிவாரம் வந்ததும், கார் உருளுகிற வேகத்திலேயே கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

டவுனில் மோட்டார் சாமான் விற்கும் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயில் கேஜ் ஒன்றைக் கண்டேன். எஞ்சினுக்குள் எண்ணெய் எத்தனை இறாத்தல் அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டும் வட்ட முகம். பூச்சியத்திலிருந்து அறுபதுவரை இலக்கம். எங்கள் காரில் எண்ணெயின் அளவைப் பார்க்க ஒரு குச்சி மட்டுமே இருந்தது. அதன் அழுத்தத்தைப் பார்க்க எதுவும் இல்லை. நான் ஒரு மாதம் நச்சரித்தேன். “காருக்கு எதுக்கு மாஸ்டர் நாடி பாக்கிற? அது என்ன மாசமாவா ஈக்கிது?” என்று கேட்டவர், பிறகு வாங்கி வந்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, நானா ஜும்மா தொழுது வந்த பிறகு வேலையைத் தொடங்கினோம். எஞ்சினின் பக்கவாட்டில், எண்ணெய் ஓடும் வழிக்குள் திறக்கும் துளையொன்றை அடைத்தபடி ஒரு பித்தளை ஆணி இருந்தது. அதைக் கழற்றினோம். பெட்டியில் வந்த மூன்று பித்தளை மூட்டுகளில் இரண்டாவது அந்தத் துளைக்குப் பொருந்தியது. மூட்டுக்கு அடியில் வைக்கும் செம்பு வளையத்தை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டோம். அப்போதுதான் அது மெதுவாகி, இறுக்கும்போது நன்றாகப் படியும். எஞ்சினுக்கும் முன் ஆசனத்துக்கும் இடையிலுள்ள பலகைத் தடுப்பில் துளை போட்டு, எண்ணெயைக் கேஜுக்குக் கொண்டுவரும் செப்புக் குழாய் உராயாமல் தோல் சுற்றினோம். குழாயை நேராக இழுத்து மிச்சத்தை வெட்டிவிட வேண்டும் என்றார் நானா. எஞ்சின் நடுங்கும், நேரான குழாய் முறியும், ஒரு சுருள் வேண்டும் என்றேன் நான். கடைசியில் வீட்டு உலக்கையைக் கொண்டுவந்து அதில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தோம். உலக்கையில் பிரண்ட எண்ணெய்க்காக உள்ளேயிருந்து இரண்டு பேருக்கும் ஏச்சு விழுந்தது.

நானா ஹாண்டிலைச் சுழற்றினார். எஞ்சின் பிடித்தது. முள் அசையவில்லை. நான் கண்ணாடியை விரலால் தட்டினேன். பிறகு அது ஒரு துடிப்புத் துடித்து, மெல்ல எழும்பி, நாற்பத்தைந்தில் போய் நின்று நடுங்கியது. அந்தக் காரில் எத்தனையோ காலைகள் போயிருக்கிறேன். அன்றுவரை எனக்கு அது மூடிய இரும்புப் பெட்டி. ஒரு தலைமயிர்த் தடிப்புக்கூட இல்லாத எண்ணெய்ப் படலம்தான் ஏழு பேரையும் சாமானையும் மலைமேல் தூக்கிச் செல்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதன் உயிர் கண்ணாடிக்குப் பின்னால் நடுங்குவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. நானா தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “மாஷா அல்லாஹ்” என்று மெதுவாகச் சொன்னார்.

எஞ்சின் சூடாக ஆகத்தான் கவலை தொடங்கியது. முள் நாற்பதுக்கு வந்தது. முப்பதுக்கு வந்தது. நானா அணைக்கப் பாய்ந்தார்.

“நிப்பாட்டாதேங்கோ நானா. காலமையில உங்கடை வீட்டுத் தேங்காயெண்ணெய் போத்திலுக்குள்ள உறைஞ்சு கிடக்குமெல்லே? வெயில் பட்டால் தண்ணி மாதிரி ஓடும். அதுபோலத்தான் உதுவும். சூட்டில எண்ணெய் இளகுது, முள் இறங்குது.”

சொன்னேனே தவிர எனக்கும் நிச்சயமில்லை. முள் இருபத்தைந்தில் நின்றதும்தான் எனக்கு ஆறுதல் வந்தது.

ஓட்டிப் பார்க்க அம்பிட்டியப் பக்கம் போனோம். ஏற்றத்தில் முள் முப்பதில் உறுதியாக நின்றது. ஏறுவதுதான் எஞ்சினைக் கொல்கிறது என்றால், இது அப்படிக் காட்டவில்லை. மேலே போய்த் திரும்பியதும் நானா வழக்கப்படி சுவிட்சை அணைத்து நியூட்ரலில் போட்டார். முள் பூச்சியத்துக்கு விழுந்தது. எஞ்சின் சுற்றவில்லை, ஆகவே விழத்தான் வேண்டும். சத்தமில்லாமல், காற்று காதில் இரைய, இறங்கினோம். அடிவாரத்தில் அவர் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். எஞ்சின் அலறிக்கொண்டு பிடித்தது.

முள் பூச்சியத்திலேயே கிடந்தது. நான் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பழைய பம்பு, வடிந்துபோன எண்ணெயை அடியிலிருந்து திரும்ப இழுக்கிறது. நான்கு, ஐந்து. எஞ்சினோ காரின் முழு வேகத்தில் சுழல்கிறது. ஆறாவதில், நானா அடிக்கடி சொன்ன அந்த இடி கேட்டது: டக், டக். எட்டாவதில் முள் எழும்பியது. இடி நின்றது.

நானா காரை ஓரமாக நிறுத்தினார். முள்ளைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் அதுக்கு எளைப்பாறக் குடுக்கிறன் எண்டு நெனச்சன், மாஸ்டர்.”

நாவலப்பிட்டித் தோட்டத்து இறக்கம் அம்பிட்டியவைப்போல மூன்று மடங்கு நீளம். அடிவாரத்துப் பாலத்தடியில் எண்ணெயில்லாமல் எத்தனை எண்ணிக்கை சுழன்றிருக்கும் என்று இரண்டு பேரும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் குற்றம் சொன்ன மலை ஏற்றத்தில் அது சுகமாக இருந்திருக்கிறது. அவர் இரங்கிய இடத்தில்தான் எரிந்திருக்கிறது.

அடுத்த வாரமே அதே தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. கணக்கப்பிள்ளை ஒருவரையும் மனைவியையும் நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். இறக்கத்திலும் எஞ்சினை ஓடவிடப் போவதாக நானா சொன்னதும் ஸ்டாண்டில் சிரிப்பு. பெற்றோலைக் கடவுளுக்கா ஊற்றுகிறாய் என்றார்கள். நானும் கூடப் போனேன். வீட்டில் இருந்தால் நிம்மதி இருந்திருக்காது.

ஏறும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது, உச்சியில், நானாவின் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. அதில் ஒரு விரல் வைத்தபடி முள்ளைப் பார்த்தார். கையை எடுத்து இரண்டாம் கியரைப் போட்டார். கார் முறுமுறுத்துக்கொண்டு இறங்கியது. முள் முப்பதில் நின்றது. நான் வளைவுகளைப் பார்க்கவில்லை; அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “ஏங்க, இந்தக் கடிகாரம் நின்னு போச்சுங்களா? ரயிலுக்கு நேரமாச்சுங்க.”

“அது அப்பிடியே நிக்கட்டும், தொர” என்றார் நானா. திரும்பிப் பார்க்கவில்லை.

பாலம் வந்தது. அதன் பலகைகள் சக்கரத்தின் கீழ் கடகடத்தன. காதைப் பலகைத் தடுப்புப் பக்கம் சாய்த்தேன். இடி கேட்கவில்லை. அப்பால் பாதை சமமானது. நானா அக்ஸிலரேட்டரை அழுத்த முள் ஒரு கோடு உயர்ந்து, விட மீண்டும் தாழ்ந்தது, தூங்குகிறவனின் மார்பைப்போல. அவருடைய கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. காலைக் குளிர் இன்னும் போகவில்லை.

ஸ்டேஷனில் அவர்கள் இறங்கி ஓடிப்போனார்கள். ரயில் இன்னும் வந்திருக்கவில்லை. நானா சமநிலத்தில் காரை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, கைக்குட்டையால் கேஜின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். முள் பூச்சியத்துக்கு வரும்வரை இருந்து பார்த்துவிட்டு நானும் இறங்கினேன்.