நீலப் பென்சிலில் ஒரு காலி வட்டம்

பழி வாங்குவதில் நான் கெட்டிக்காரன். ஆளைப் பார்த்து வாங்குவதில்தான் கோட்டை விட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சொல்லித் தொலைத்தாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரி ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். சேர்ந்து என்பது பேச்சுக்கு; முக்கால்வாசி நானே எழுதுவேன். மூன்று மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு ஒரே ஒரு பிரதி. வேலூர் லாங் பஜாரில் கொடுத்து பைண்டிங் போட்டு வருவோம். அது ஆம்பூர், குடியாத்தம், வேலூர், மேல்விஷாரம் என்று பதினைந்து இருபது பேரிடம் கை மாறிச் சுற்றிவிட்டு என் மேசைக்குத் திரும்பி வரும். முன்னால் ஒரு சுற்றுத்தாள் ஒட்டியிருக்கும். வாங்கியவர்கள் வரிசையாக அதில் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் நான்கு பக்கம் வெள்ளையாக விட்டிருப்போம். வாசகர் கருத்து அங்கேதான். அங்கே மட்டும் பேர் போடக்கூடாது. பேர் போட்டால் முகத்துக்கு அஞ்சிப் பாராட்டிவிடுவார்கள் என்று அந்தச் சட்டத்தைப் போட்ட மேதாவி நான்தான்.

அதில் ஒரு தொடர்கதை எழுதினேன். ஒரு டேனரி ஆபீஸ், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு மேசை மின்விசிறி. ஒருவன் எழுந்து போனால் மற்றவன் விசிறியை அவன் நாற்காலிப் பக்கம் திருப்புவான். வந்து உட்கார்ந்தவன் மறுபடி மற்றவன் பக்கம் திருப்பி வைப்பான். இரண்டு பேரும் ஒரு டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் காதல். அதற்கு அப்போது எங்களிடம் ஒரு மரியாதையான வார்த்தைகூடக் கிடையாது, இருந்ததெல்லாம் வசவுதான். அதனால் நான் எந்த வார்த்தையும் போடாமல் விசிறியை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு இதழ் வரைக்கும் ஒருவருக்கும் புரியவில்லை. ஆண்கள் தோளில் கை போட்டு நடப்பதை யார் இந்த ஊரில் கவனிக்கிறார்கள்? 'நல்ல தோஸ்த்துகள். கதாநாயகி எப்போது வருவாள்?' என்று ஒரு கருத்து. 'முதலாளி மகளைக் கொண்டு வரவும்' என்று ஒன்று. 'டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தியை வைத்தால் விறுவிறுப்பு கூடும்' என்று ஒன்று. நான் படித்துச் சிரித்தேன். எதிர்மேசைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் புரிந்திருந்தது.

எங்கள் ஆபீஸில் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை பார்த்தவன் அவன். கதையில் வரும் விசிறி எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிய விசிறி. கேரியர் அவன் வீட்டிலிருந்து வந்த கேரியர். ஆபீஸுக்கு வருவதற்கு முன் செலக்ஷன் மேசையில், அதாவது பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் இடத்தில், மூன்று வருஷம் நின்றவன். தோலைத் தடவிப் பழகிய அந்தக் கை பட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, வேண்டிய அளவு சொல்லிவிட்டேன்.

மூன்றாம் இதழில் கதாநாயகி வரவில்லை. சாம்பிள் அறையில் ஒருவன் மற்றவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, 'பொண்ணு பாக்கப் போகாதடா' என்கிறான். அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

இதழ் திரும்பி வந்தபோது நான்கு பக்கமும் நிறைந்து, அட்டையின் உள்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். 'நெசவில் குறை இல்லை, சாயம்தான் நம்ம ஊரில் போகாது' என்றது ஒரு கருத்து; குடியாத்தத்துக் கைலிக்காரர் என்று பேர் போடாமலே தெரிந்தது. 'கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், அடுத்து படிக்கிறவருக்கு ஏமாற்றமாகுமே என்று விட்டேன்' என்றார் ஒரு புண்ணியவான். வேலூரில் நர்ஸாக இருந்த ஓர் அம்மா எப்போதும் சிவப்பு மையில் எழுதுவார். 'தயவுசெய்து முடிவில் யாரையும் சாகடிக்காதீர்கள்' என்று ஒரே வரி. அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பி வந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நீலப் பென்சிலில், அச்சு மாதிரி தனித்தனி எழுத்தாக, யார் கை என்று தெரியாதபடி எழுதியிருந்தது. 'இது கதை இல்லை, கழிவு. எந்தத் தொட்டியில் ஊற வைத்தாலும் இது தோல் ஆகாது. இதை எழுதியவனை நம் நடுவில் உட்கார வைத்திருப்பது நமக்கெல்லாம் வெட்கம்.' அதன் கீழே கையெழுத்து மாதிரி ஒரு வட்டம். உள்ளே ஒன்றும் இல்லாத காலி வட்டம், கீழே இடப்பக்கமாக இழுத்த ஒரு வால்.

எங்கள் டேனரியில் அந்த வட்டத்தைத் தெரியாதவர் கிடையாது. செலக்ஷன் மாஸ்டர் போடுகிற வட்டம் அது. தோலின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால், கையெடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவார். உள்ளே எண் இருந்தால் தரம். காலியாக இருந்தால் அந்தத் தோல் கழிசடை. மேல்விஷாரத்துப் பெரியவர். மாஸ்டர் பாய் என்போம்.

மறுநாள் காலையில் டெஸ்பாட்ச் மேசை இடம் மாறியிருந்தது. ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மத்தியானம் கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது வழி மறித்தேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ஆபீஸே பேசுது. இனிமே எங்கூட பேசாதே."

விசிறி என் பக்கமே திரும்பி நின்று ஓடியது. அந்தக் காற்றை என்னால் தாங்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். ஒரு காலி வட்டம் என் வாழ்க்கையில் இருந்த ஒரே நல்லதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. போட்டவனைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாஸ்டர் பாயின் பெருமையெல்லாம் அவருடைய கண்ணில் இருந்தது. அந்தக் கண்ணையே குறி வைத்தேன். நான்கு மாதம் பொறுத்திருந்து, அவருடைய வட்டத்தைப் பழைய தாளில் ஆயிரம் தடவை போட்டுப் பழகினேன். வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜெண்ட் வருகிற அன்று, சாம்பிள் கட்டுக்குச் சீட்டு கட்டுகிற சாக்கில் உள்ளே போனேன். அவர் கழித்துப் போட்ட தோல் ஒன்றை எடுத்தேன். உரிக்கும்போது கத்தி இறங்கி, விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்த தோல். காலி வட்டத்தை பிளேடால் சுரண்டி எடுத்தேன். அதே இடத்தில் புதிதாக வட்டம் போட்டு, உள்ளே ஒன்று என்று எழுதி, முதல் தரக் கட்டின் நடுவில் செருகிவிட்டேன்.

ஏஜெண்ட் அந்தத் தோலைத் தூக்கி, கிழிசலில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி மாஸ்டர் காதிலிருந்த நீலப் பென்சிலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாஸ்டர் தோலை வாங்கிப் பின்பக்கத்தை ஒரு தடவை தடவினார். "கண்ணு மங்கிப் போச்சி முதலாளி" என்றார். அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் வேலையை விட்டு மேல்விஷாரத்துக்கே போய்விட்டார். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்திரிகை அதோடு நின்றது. அவன் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டான். எனக்கு அழைப்பு வைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, எண்பது பிறந்திருந்தது, பரணில் இருந்த பழைய இதழ்களை எடுத்துத் தூசி தட்டினேன். சுற்றுத்தாளில் கண் ஓடியது. மாஸ்டர் பாயின் கையெழுத்து மூன்று இதழிலும் இருந்தது. மூன்றிலும் உருதுவில் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மனுஷனுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. தமிழ் பேசுவார், அவ்வளவுதான். மேல்விஷாரம் காலேஜில் ஒரு வாத்தியார் எங்கள் வாசகர். ஊருக்குப் போகிறவர் என்று மாஸ்டரிடம் இதழைக் கொடுத்தனுப்புவோம். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அவர் வலமிருந்து இடமாக ஒரு கையெழுத்து போடுவார். வட்டத்தின் வாலும் அதனால்தான் இடப்பக்கம் போகும். இதையெல்லாம் நான் தினம் தினம் கண்ணால் பார்த்தவன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்படியானால் தமிழும் தெரிந்து, அந்த வட்டத்தையும் ஒரே இழுப்பில் போடத் தெரிந்தவன் யார்? செலக்ஷன் மேசையில் மூன்று வருஷம் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றவன் ஒருவன்தான். கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். வசவு முழுக்க எழுதியவனுக்கு. கதையில் இரண்டு பேர் இருக்கிறார்களே, அந்த இன்னொருவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

லாங் பஜாரில் அவனைப் பிடித்தேன். பாத்திரக் கடை வாசலில் ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதழைப் பிரித்து அந்தப் பக்கத்தை முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"நீதானே?"

பொய் சொல்லவில்லை. குடத்தைக் கீழே வைத்தான்.

"நான்தான். இன்னா பண்ணச் சொல்றே? ஃபேன் எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நான் திட்டலன்னா அந்த இன்னொருத்தன் நான்தான்னு சொல்லிடுவாங்க. திட்டுனது நான்னும் தெரியணும், தெரியவும் கூடாது. மாஸ்டருக்குத் தமிழ் எழுத வராதுன்னு தெரிஞ்சவங்க புரிஞ்சிக்குவாங்கன்னு வட்டத்தப் போட்டுட்டேன்."

"என்னைக் கழிவுன்னு எழுதுனியே."

"நீ என்னை எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டியா? வீட்ல கல்யாண வயசுல தங்கச்சி இருக்குது. நீ பாட்டுக்கு எழுதி ஊரு ஊரா சுத்த விட்டுட்டே."

பதில் இல்லாத கோபம் இருக்கிறதே, அது இரண்டு மடங்கு. "நாசமாப் போ" என்று சொல்லிவிட்டு, கைவண்டிகளுக்கு நடுவில் நுழைந்து வந்துவிட்டேன். அவனுக்கு என்ன செய்யலாம் என்று மாதக்கணக்கில் யோசித்தேன். வழி ஒன்றும் அகப்படவில்லை. மாஸ்டரிடம் போய்க் காலில் விழுந்துவிட்டு வரலாம் என்று தோன்றவே எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது.

மேல்விஷாரத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். பத்தடி தள்ளி நாற்காலியில் இருந்தவர் என் செருப்பைப் பார்த்து, "வயித்துத் தோலு தம்பி அது, ஆறு மாசம் தாங்காது. ஏமாத்திட்டான்" என்றார். கண்ணில் ஒரு மங்கலும் இல்லை. நான் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"பாய், அன்னிக்கு அந்த சாம்பிள் கட்டு..."

"தெரியும் தம்பி. பிளேடால சொரண்டியிருந்திச்சி, கை வெச்சதும் தெரிஞ்சி போச்சி. என் வட்டத்த என்னை மாதிரியே போட ஒருத்தனாலதான் முடியும். நான் கையப் புடிச்சிக் கத்துக் குடுத்த பையன். கட்டும் அவன் கையிலதானே இருந்திச்சி."

கட்டு டெஸ்பாட்ச் பொறுப்பு. இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"ஏன் பாய் அப்பவே சொல்லல?"

"சொன்னா அவன் வேல பூடும். தங்கச்சிய வெச்சினு இன்னா பண்ணுவான்? எனக்கு வயசாச்சி, கண்ணு போச்சின்னு சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்கல. கல்யாணப் பத்திரிக எடுத்துனு இதோ இந்த வாசல் வரைக்கும் வந்தான். உள்ள வராதேன்னுட்டேன். அழுதுட்டே போனான்."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைத்தால், இத்தனை நேரம் எழுதியதெல்லாம் பொய். எனக்குச் சந்தோஷம் வந்தது. குறி தவறிப் போன அடி சுற்றி வளைத்துக்கொண்டு உரிய இடத்தில் போய் விழுந்திருக்கிறதே என்ற சந்தோஷம். 'அவன் இல்லை பாய், நான்தான்' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வயித்துத் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்னும் சில வருஷம் கழித்து மாஸ்டர் இறந்தார். மேல்விஷாரத்துக்கு அவனும் வந்திருந்தான், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் போகாமல் எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தான். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனதும் என் பக்கத்தில் வந்தான். லாங் பஜாருக்குப் பிறகு அன்றுதான் பேசினோம்.

"எம்மேல அவருக்கு இன்னா கோவம்டா? தொழில் கத்துக் குடுத்த மனுஷன். கடைசி வரைக்கும் ஏன்னு சொல்லாமலே பூட்டாரு. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அவன் கையைப் பார்த்தேன். அதே கைதான்.

"வயசானவங்க. விடுடா" என்றேன்.