கிருமி போன பிறகும்

அந்தக் குழந்தை இருமவே இல்லை. இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அம்மாவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது, சட்டென்று குடிப்பதை நிறுத்தியது. உதடு நீலம் பாரித்தது. கைகால் தொய்ந்தன. நான் வாங்கி முதுகைத் தேய்த்துவிட்டு ஆக்சிஜன் வைத்த பிறகு, விக்கல்போல ஒரு சின்னச் சத்தத்துடன் மூச்சு திரும்பியது. பிறந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. ஒன்றரை மாதத்தில் போடும் தடுப்பூசிக்கு இன்னும் நாள் வரவில்லை.

அப்போது நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தேன். குழந்தையின் அப்பா பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மனைவி அழும்போது அவர்தான் நாங்கள் கேட்பதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்துவிடும். மூச்சிழுக்க இடம் தராமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, வாந்தி எடுப்பவர்போலக் குனிந்துவிடுவார்.

“எத்தன நாளா இப்பிடி இருமறீங்க?” என்று கேட்டார் குழந்தை மருத்துவர். குரலை உயர்த்தியே பேசாத பெண்மணி அவர்.

“மூணு வாரமாட்டம் இருக்கும் மேடம். கல்லுத் தூசுங்க. எங்க பட்டறைல எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

மருத்துவர் குழந்தையின் இரத்தப் பரிசோதனையை இன்னொரு தடவை பார்த்தார். காய்ச்சல் இல்லை, ஆனால் வெள்ளையணுக்கள் ஏகத்துக்கும் கூடியிருந்தன. குழந்தைக்கும் அப்பாவுக்கும் மூக்கிலிருந்து சளி எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார். முடிவுக்குக் காத்திராமல் தாயையும் சேர்த்து மூன்று பேருக்கும் மருந்தைத் தொடங்கினார். சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. குழந்தைக்கும் அப்பாவுக்கும் கக்குவான் இருமல்.

“அது கொழந்தைங்களுக்குத்தானேங்க வரும்?” என்றாள் தாய்.

“பெரியவங்களுக்கும் வரும்மா. சின்னதுல போட்ட ஊசியோட பலம் வருசம் போகப் போகக் கொறஞ்சிரும். பெரியவங்க இருமிக்கிட்டே நடமாடுவாங்க. இத்தனூண்டு கொழந்தைக்கு இருமக்கூடத் தெம்பில்ல, மூச்சே நின்னுடுது.”

அந்தப் பெண் கணவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மாத்திரை முடியும் வரை குழந்தையிடம் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் வாசலோடு சரி. சாப்பாட்டை வாங்கிவந்து பெஞ்சில் வைப்பார், கதவின் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்ப்பார், இருமல் வந்தால் படிக்கட்டுப் பக்கம் ஓடிவிடுவார். உள்ளே குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறையும் மானிட்டர் கத்தும். நாங்கள் ஓடுவதை அவர் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மாத்திரை முடிந்தது. குழந்தையும் மெல்லத் தேறி, நின்றுபோகாமல் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. இனி உள்ளே வரலாம் என்று மருத்துவர் சொன்னபோது அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“இன்னும் இருமறனே மேடம். நான் வர்ல.”

மனைவியும் கதவருகில் வந்து, “வேணாங்க மேடம், இருமல் நிக்கட்டும்” என்றாள்.

மருத்துவர் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்தார். மூச்சுக்குழாயின் உள்ளே மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன, சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை என்றார். இந்தக் கிருமி அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. ஒரு நஞ்சு இழைகள் முளைத்திருக்கும் செல்களையே கொன்றுவிடுகிறது. இன்னொன்று இரத்தத்தில் கலந்து, கிருமியோடு சண்டை போடவேண்டிய வெள்ளையணுக்களை நோய் இருக்கும் இடத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. “இந்தக் கொழந்தை ரத்தத்துல அத்தன அணு இருந்தும் பிரயோசனப்படாததுக்கு அதான் காரணம். மாத்திர கிருமியக் கொன்னுடுச்சு. ஆனா அழிஞ்ச எழ திரும்ப மொளைக்கணும் இல்ல? அதுவரைக்கும் சளிய வெளியேத்த ஒடம்புக்கு இருமறதத் தவிர வேற வழியில்ல. இது புண்ணு ஆறுற இருமல். இதுல இனிமே ஒட்டறதுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப நான் இருமுனா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?” இதையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மருத்துவரும் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் “ஆவாது” என்றார்.

இப்போது நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளுக்கு இந்த நோய்க்கான ஊசியைப் போடும்போது, அம்மா போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் மாதங்களில் காவல் கிடைக்கும் என்று சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது விடாத இருமல் இருக்கிறதா என்றும் கேட்கிறேன். தூசு, ஏசி, பனி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் மனசில் வந்துபோகும்.

அன்று மருத்துவர் எழுந்து போன பிறகும் குழந்தையின் அப்பா பெஞ்சைவிட்டு நகரவில்லை. மனைவி உள்ளே போனாள். துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலுக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“தீஸ்கோ” என்றாள், வாங்கிக்கொள் என்று தெலுங்கில்.

அவர் கையை நன்றாகக் கழுவிவந்து, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, வாங்கிக்கொண்டார். பாலிஷ் பட்டறையில் காய்ப்பேறிய பெரிய கைகள். சற்று நேரம்தான். இருமல் கிளம்பிவிட்டது. பதறிப்போய் முகத்தைத் திருப்பியபடி குழந்தையை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இருமல் அடங்கும்வரை அவர் முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.