மூன்று வெட்டுள்ள சதுரக் காசு

"1946, ஆனி கடைசி வாரம், காலை வியாபாரம். சதுரச் செம்புக் காசு ஒன்று. அரையணா அல்ல. மலாயா, ஒரு சென்ட், ஆண்டு 1943. விளிம்பில் மூன்று வெட்டு: இரண்டு அருகருகே, ஒன்று தள்ளி."

என் பழைய நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு இது. போன வாரம் பேருந்து நடத்துநர் தந்த சில்லறையில் இலங்கைக் காசு ஒன்று வந்துவிட்டது. அதைப் பதிந்து வைக்கலாமென்று நோட்டைத் தேடி எடுத்தேன். தூசி தட்டிப் பிரித்தால் இந்தப் பக்கம்தான் பிரிகிறது. இலங்கைக் காசு இன்னும் மேசைமேல் கிடக்கிறது.

அந்தக் காலத்துச் சில்லறையைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் காலணாவுக்கு நடுவே ஓட்டை போட்டுவிட்டார்கள். திருவொற்றியூர்ப் பட்டறைக்காரர்கள் அதை வாஷராக மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அரையணா சதுரம், மூலைகள் மழுங்கியிருக்கும். மலாயாவின் ஒரு சென்ட்டும் சதுரம்தான். அரையணா மஞ்சள், இது செம்பு. ஆனால் நாலு கை மாறி அழுக்கேறிவிட்டால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? கப்பல்காரர்கள் அரையணாவோடு சேர்த்து இதையும் தள்ளிவிட்டுப் போவார்கள்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடைக் கல்லாவில் அப்போது நான் உட்கார்ந்திருந்தேன். செல்லாக் காசு கிடைத்தால் முதலாளி பாய், "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்பார். ரோஷம் வந்து பழைய பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கினேன். சந்தேகக் காசையெல்லாம் பார்த்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் ராயபுரத்தின் நாணய நிபுணராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். போட்டிக்கு யாரும் வரவில்லை.

செம்புக் காசை எண்ணினால் விரலில் ஒரு வாடை நிற்கும். மீனும் வேர்வையும் துருவும் கலந்த வாடை. இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் முனியம்மா அக்கா வந்து நிற்கிறாள்.

கடைக்கு எதிரே இட்லி விற்றவள் அவள். புருஷன் தணிகாசலம் சரக்குப் படகில் வேலை செய்தவர். அந்தப் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை குறைவான நாளில், ஆளுக்கொரு காசை மேஸ்திரியின் தகர டப்பாவில் போடுவார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். யார் காசு வருகிறதோ அவருக்கு அன்று வேலை. காசை அடையாளம் காண, அவரவர் விளிம்பில் அவரவர் வெட்டு. மறந்தும் செலவாகிவிடக் கூடாது என்பதால் இங்கே செல்லாத வெளிநாட்டுக் காசாகத்தான் வைத்துக்கொள்வார்கள். அது தேய்ந்தாலோ தொலைந்தாலோ வேறொன்றை எடுத்து அதே வெட்டைப் போட்டுக்கொள்வார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு அப்போதே தெரியும். அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

1941 மழைக்காலத்தில் தணிகாசலம் கப்பலில் கரி தள்ளும் வேலைக்கு, மலாயாவின் பினாங்குக்குப் போனார். மூன்று வெட்டுப் போட்ட அவருடைய காசு, ஒரு பழைய மலாயாச் சதுரச் சென்ட், இடுப்பில்தான் இருந்தது. சில மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. அதன்பிறகு கடிதமில்லை, ஆளில்லை. போர் முடிந்தும் இல்லை.

தினமும் வியாபாரம் முடிந்ததும் அக்கா கல்லாவுக்கு வருவாள். "நைனா, இன்னிக்கு எதுனா சதுரக் காசு வந்துச்சா?" எடுத்துக் காட்டுவேன். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு வைத்துவிடுவாள். கண்ணால் பார்க்கவே மாட்டாள்.

அன்று தடவிய விரல் பாதியில் நின்றது.

"மாமா வெட்டு! எம் மாமா வெட்டு நைனா! யாரு குட்த்தாங்க?"

காலை நெரிசலில் யார் கொடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. இட்லிக் கூடையை அப்படியே போட்டுவிட்டுத் துறைமுக வாசலுக்கு ஓடினாள். வெளியே வந்த கப்பல்காரர்களையெல்லாம் மறித்து நிறுத்திக் காசைக் காட்டியிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவளோடு அவள் புருஷனின் அண்ணன் ஏகாம்பரமும் வந்தார். தகர டப்பா வைத்திருந்த மேஸ்திரி அவர்தான். கண்கள் குழி விழுந்திருந்தன.

"தம்பி கனவுல வந்து சோறு கேக்கறான் வாத்தியாரே. தெனிக்கும் வரான். ஆடி அமாவாசைக்குக் காரியம் பண்ணி உட்ரலாம்னா, இவ உசுரோட கீறார்ன்றா. வெட்டு அவன்து மாதிரிதான் கீது. நீ படிச்சவன். பாத்து ஒரே வார்த்த சொல்லு."

என்னை வாத்தியார் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். பூதக்கண்ணாடியை எடுத்தேன். துணியால் துடைத்துக்கூட வைத்தேன் என்று நினைக்கிறேன்.

"இதுல 1943ன்னு போட்டிருக்கு. உங்க தம்பி போனது நாப்பத்தொண்ணுல. அவர் எடுத்துட்டுப் போன காசு இது இல்ல."

"வெட்டு அவருதுப்பா," என்றாள் அக்கா.

"வெட்டு யார் வேணா போடலாம்க்கா. வருஷத்த யாரும் மாத்த முடியாது."

பாய்கூட மெச்சிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் மட்டும் விளிம்பில் போய்ப்போய் வந்தது.

ஆடி அமாவாசையன்று கடற்கரையில் காரியம் நடந்தது. நான் தள்ளி நின்றேன். தாலியைக் கழற்றினார்கள். ஏகாம்பரம் தண்ணீரில் இறங்கிப் பிண்டத்தைக் கரைத்துவிட்டு வந்தார். அதன்பின் அக்கா முழங்கால் ஆழம் வரை போய், முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து அலையில் எறிந்தாள். "காசு கடலில்" என்று வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். அதையும் விடவில்லை.

1957-ல் நயா பைசா வந்தது. பழைய காசைத் தூக்கிக்கொண்டு தெருவே என்னிடம் வந்தது. என் பெருமைக்குத் தீனியாக, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து நாணயப் பட்டியல் புத்தகம் இரவல் வாங்கினேன். மலாயாப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு. 1943 என்று பொறித்த சென்ட்டுகள் ஜப்பானியர் காலத்தில் அங்கே புழங்கவே இல்லையாம். வெளியே அச்சாகி, போர் முடிந்த பிறகே மலாயாவுக்குள் வந்தனவாம்.

பூதக்கண்ணாடியை வைத்து அந்த அடிக்குறிப்பைத் திரும்பப் படித்தேன். அந்தக் காசில் வெட்டுப் போட்ட கை, போர் முடிந்த பிறகுதான் அதைப் போட்டிருக்க வேண்டும். அது தணிகாசலத்தின் கையாக இருந்தால், அவர் போரைத் தாண்டி உயிரோடு இருந்திருக்கிறார். பழைய காசு தொலைந்து, அந்த ஊரில் புதிதாகக் கிடைத்ததில் தன் வெட்டைப் போட்டிருக்கிறார். காசிலிருந்த வருஷம் அவரை இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொன்னவன் நான்.

மூன்று நாள் தயங்கினேன். பிறகு போனேன். அதே இடம், அதே கூடை, வெறும் கழுத்து. சொல்லி முடிக்கும்வரை இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப இருந்தாரா?"

"தெரியாதுக்கா."

பிழிந்த துணியை உதறிக் கூடைமேல் விரித்தாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அந்தத் தெரியாதுன்றத அன்னிக்கே சொல்லிருக்கலாமே நைனா. நான் காத்துனு இருந்திருப்பேன்."

அந்த டீக்கடை இப்போது இல்லை. பாய் இல்லை, தகர டப்பா இல்லை, ஆழத்தில் நின்ற கப்பலுக்குச் சரக்கேற்றப் போன படகுகளும் இல்லை. அரையணாவைக் காட்டினால் இன்று பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்கிறார்கள். முனியம்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். தணிகாசலம் வரவில்லை. வந்து, தனக்குக் காரியம் நடந்துவிட்டதைக் கேள்விப்பட்டு, திரும்பிப் போனாரா என்பதும் எனக்குத் தெரியாது.

இன்று நோட்டில் அந்தக் குறிப்பின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "வெட்டியவர் யார் என்பது சரிபார்க்கப்படவில்லை." 1946-லேயே எழுதியிருக்க வேண்டிய வரி. அதற்கான இடம் அந்தப் பக்கத்தில் அன்றே காலியாகத்தான் இருந்தது.